முன்னணை உணர்த்தும் பொருள்

கிறிஸ்து பிறப்பு விழாவை அறியாதார் நம்மிடையே எவருமிலர். அதனைக் கொண்டாடுவோரும் கொண்டாடாதோரும் நம் சங்கத்தில் ஒருங்கே உள்ளோம். மார்கழித் திங்களில் வீட்டு முகப்பில் தொங்கும் விண்மீன் கூடும், வைக்கோல் பரப்பிய குடிலும், பிள்ளைகளின் புத்தாடையும், நள்ளிரவு வழிபாடும் யாவரும் கண்டவையே. ஆயினும் இவ்விழா எதனை நினைவூட்ட எழுந்தது, அதன் உட்பொருளை வரலாற்றில் யார் எவ்வாறு உணர்ந்தனர் என்பவற்றை நம் இளைஞர்கள் தெளிந்து கொள்ளுதல் வேண்டும்.

முதலில் நாளைப் பற்றிச் சில சொல்வோம். இயேசு பிறந்த நாள் இன்னதென்று நற்செய்தி நூல்கள் குறிப்பிடவில்லை. முதல் இரு நூற்றாண்டுகளில் கிறிஸ்தவர்கள் இவ்விழாவைக் கொண்டாடியதற்குச் சான்றுமில்லை. உரோமில் கி.பி. 354ஆம் ஆண்டு தொகுக்கப்பெற்ற ஏடு ஒன்று டிசம்பர் 25ஆம் நாளைக் குறிக்கிறது. அக்குறிப்பு 336ஆம் ஆண்டளவில் எழுந்ததென்பது ஆய்வாளர் கருத்து. உரோமர்களின் கதிரவன் விழாவுக்கு மாற்றாக இந்நாள் தெரிவு செய்யப்பட்டதென்பார் சிலர். மார்ச் 25ஆம் நாளில் மரியாள் கருவுற்றதாகக் கொண்டு, அதிலிருந்து ஒன்பது திங்கள் கணக்கிட்டனர் என்பார் வேறு சிலர். ஆர்மீனியத் திருச்சபை சனவரி 6ஆம் நாளிலேயே இவ்விழாவைக் கொண்டாடி வருகிறது. எனவே விழாவின் பொருளை நாளில் தேடுதல் பயனற்றது. நிகழ்ச்சியில்தான் தேடுதல் வேண்டும்.

அந்நிகழ்ச்சியை விரித்துரைப்பது லூக்கா நற்செய்தி. பேரரசன் அகுஸ்து மக்கள்தொகை எழுதக் கட்டளையிட்டான். அரசு இறை தண்டுவதற்கே குடிகளை எண்ணிய காலம் அது. நாசரேத்தூர் தச்சன் யோசேப்பு, நிறைசூலியான மரியாளுடன் பெத்லகேமுக்குச் சென்றான். தங்குமிடத்தில் அவர்களுக்கு இடம் கிடைக்கவில்லை. பிறந்த குழந்தையைக் கால்நடைகள் தீனி தின்னும் தொட்டியாகிய முன்னணையில் கிடத்தினர். அச்செய்தி முதலில் எட்டியது அரண்மனைக்கன்று, ஆலயத் தலைவர்க்குமன்று. இரவிலே வயல்வெளியில் மந்தை காத்துக் கிடந்த மேய்ப்பர்களுக்கே எட்டியது.

மற்றொரு குறிப்பையும் நாம் கவனித்தல் வேண்டும். பிள்ளை பெற்ற தாய் ஆட்டுக்குட்டியைக் காணிக்கையாகக் கொணர்தல் மோசேயின் சட்டம். அதற்கு வகையற்ற ஏழைத்தாய் இரண்டு புறாக்களைக் கொணரலாம். மரியாளின் காணிக்கை அந்த ஏழையின் காணிக்கையாகவே குறிக்கப்பட்டுள்ளது. அவள் பாடியதாக அந்நூல் தரும் பாடலும் வலியோர் அரியணையிலிருந்து இறக்கப்படுவதையும் தாழ்ந்தோர் உயர்த்தப்படுவதையும் பற்றியதே. கடவுள் மனிதனானார் என்பது கிறிஸ்தவ சமயத்தின் அடிப்படைக் கொள்கை. எத்தகைய மனிதனானார் என்னும் வினாவுக்கு முன்னணை விடையளிக்கிறது: இடமற்றவர்களிடையே ஒருவரானார்.

இப்பொருள் மறக்கப்பட்ட காலங்கள் பல. அதனை மீண்டும் கண்முன் நிறுத்தியவர்களுள் ஒருவர் அசிசி நகரத்து பிரான்சிஸ். செல்வமிக்க துணி வணிகரின் மகனாகப் பிறந்து வறுமையை விரும்பி ஏற்ற அவர், 1223ஆம் ஆண்டு இத்தாலியிலுள்ள கிரேச்சோ என்னும் சிற்றூரில், வைக்கோல் நிறைந்த முன்னணையை அமைத்து, எருதையும் கழுதையையும் நிறுத்தி, அங்கேயே வழிபாடு நடக்கச் செய்தார். குழந்தை இயேசு பட்ட வறுமையை மக்கள் கண்ணாரக் காணவேண்டும் என்பதே அவர் கருத்து. நம் வீடுகளில் இன்று அமைக்கும் குடில் இம்மரபில் வந்ததே.

அப்பொருளைத் தம் வாழ்வோடு பொருத்தி உணர்ந்தவர்கள், ஆங்கிலேயர் ஆட்சியிலிருந்த ஜமெய்க்கா தீவின் அடிமைகள். கரும்புத் தோட்டங்களில் உழைத்த அம்மக்களுக்குக் கிறிஸ்துமசை ஒட்டிச் சில நாள் ஓய்வு உண்டு. அவர்களுள் ஒருவரான சாமுவேல் ஷார்ப், எழுத்தறிவு பெற்றவர். பாப்டிஸ்ட் சபையின் ஊழியர். செய்தித்தாள்களைப் படித்து, அடிமை முறையை ஒழிப்பது குறித்து இங்கிலாந்தில் நடந்த விவாதங்களை அறிந்தார். இரண்டு எஜமானர்க்கு ஒருவன் ஊழியம் செய்ய இயலாதென்னும் இயேசுவின் போதனையை எடுத்துக்காட்டி, விடுமுறை முடிந்தபின் கூலியின்றி எவரும் வேலைக்குத் திரும்பலாகாதென்று தம் மக்களை ஒன்றுதிரட்டினார். 1831ஆம் ஆண்டு டிசம்பர் 27ஆம் நாள் இரவு தோட்டமொன்றில் தீ எழவே, வேலைநிறுத்தம் கிளர்ச்சியாக மாறியது. ஏறத்தாழ 60,000 பேர் அதில் பங்குகொண்டனர். அரசு படைவலியால் அதனை அடக்கியது. 300க்கும் மேற்பட்டோர் உயிர்த்தண்டனை பெற்றனர். 1832 மே 23ஆம் நாள் ஷார்ப் தூக்கிலிடப்பட்டார். மறு ஆண்டே அடிமை ஒழிப்புச் சட்டம் இங்கிலாந்துப் பாராளுமன்றத்தில் நிறைவேறியது; 1838இல் முழு விடுதலை வந்தது. எழுத்தறிந்த ஒருவர் தம் இனத்தார்க்கு என்ன செய்யவியலும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

நம் நாட்டின் நிலையையும் எண்ணிப் பார்ப்போம். 1706ஆம் ஆண்டு சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்திறங்கினார். முன்னணையின் செய்தி நம் மூதாதையர்க்குத் தமிழில் எட்டியது. எழுத்தறிவு மறுக்கப்பட்டோர்க்குப் பள்ளிகளும் வந்தன. அந்நன்மையை நாம் மறவோம். ஆனால் சாதியும் ஆலயத்துக்குள் உடன் நுழைந்தது. ஒரே கூரையின்கீழ் சாதிவாரியாகத் தனித்தனியே அமர்ந்து வழிபட்டனர். 1833ஆம் ஆண்டு பேராயர் டேனியல் வில்சன், சபைகளில் சாதி வேறுபாடு அறவே ஒழியவேண்டுமென்று கட்டளையிட்டபோது, தஞ்சையிலும் வேப்பேரியிலும் பலர் சபையைத் துறந்தனரேயன்றிச் சாதியைத் துறந்தாரில்லை. இன்றும் சில ஊர்களில் கல்லறைகூடத் தனித்தனியாகவே உள்ளது. இடமில்லை என்று பெத்லகேமில் கேட்ட சொல்லை, அவர் பெயரால் எழுப்பிய ஆலயத்திலேயே நம்மவர் கேட்க நேர்ந்தது.

சட்டத்தின் ஏட்டிலும் அச்சொல் எதிரொலித்தது. 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதியினர் ஆணை சமயத்தை ஓர் அளவுகோலாகக் கொண்டது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர்; கிறிஸ்தவரான நம் உடன்பிறந்தார் அவ்வாறு சேர்க்கப்படவில்லை. மதம் மாறினும் சேரியின் எல்லை மாறவில்லை என்பதை நாம் அனுபவத்தால் அறிவோம்.

ஆதலின் இளைஞர்களே, முன்னணையை வெறும் அலங்காரமாகக் கொள்ளாதீர்கள். நாம் யாருக்கு இடம் அளித்தோம் என்று ஆண்டுதோறும் நம்மை வினவுகின்ற சாட்சி அது. பிறர் நமக்கு இடம் மறுத்ததைத் தட்டிக் கேட்கும் உரிமை நமக்குண்டு. அவ்வாறே நம்மினும் மெலிந்தவர்க்கு நாம் இடம் மறுக்கிறோமா என்று நம்மையே கேட்கும் கடமையும் உண்டு. கடன் வாங்கிச் செய்யும் ஆடம்பரத்தைச் சுருக்கி, படிப்பை நிறுத்தவிருக்கும் பிள்ளை ஒன்றுக்குப் பள்ளியில் இடம் தேடிக் கொடுப்போமானால், அதுவே இவ்விழாவின் பொருளறிந்த கொண்டாட்டமாகும். இச்சங்கம் கால் நூற்றாண்டாகச் செய்துவரும் பணியும் அதுவேயன்றோ!