4,29,49,67,297: பெர்மா எண் ஒன்றின் அமைப்பும் காரணிகளும்

2³² + 1 = 4,29,49,67,297 என்னும் பத்து இலக்க எண், பெர்மா எண்களின் வரிசையில் ஆறாவது. 1, 2, 4, 8, 16, 32 என இரட்டித்துச் செல்லும் எண்களை 2-இன் அடுக்குகளாக வைத்து, 1 கூட்டினால் இவ்வரிசை கிடைக்கும். முதல் ஐந்து உறுப்புகளான 3, 5, 17, 257, 65,537 பகா எண்கள். வரிசை முழுவதும் பகா எண்களே என்று பெர்மா 1640-இல் கருதினார். ஆறாவது எண் 641 × 67,00,417 எனப் பிரிவதை ஆய்லர் 1732-இல் கண்டார். இவ்வெண் பகு எண் என்பதை ஒரு சோதனையில் மறைக்கும் அதே அமைப்புதான் அதன் காரணிகளைத் தேடும் வழியையும் காட்டுகிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

முதலில் மறைப்பு. ஒற்றைப் பகா எண் எதுவாயினும், அதைவிட 1 குறைந்த எண்ணை அடுக்காகக் கொண்டு 2-ஐ உயர்த்தி, அப்பகா எண்ணால் வகுத்தால் மீதி 1 வரும். இது பெர்மாவின் சிறு தேற்றம். 2³² + 1-ஆல் வகுக்கும்போது 2³²-இன் மீதி −1; ஆகவே 2⁶⁴-இன் மீதி 1. தேவையான அடுக்கு 2³²; அது 64-இன் மடங்கு. எனவே இவ்வெண் சோதனையில் தேறிவிடுகிறது. 2-க்குப் பதில் 3-ஐ வைத்து, அடுத்தடுத்து 32 முறை வர்க்கித்து மீதி கண்டால், 1 வருவதில்லை. பகு எண் என்பது காரணி தெரியாமலே உறுதியாகிறது.

இனிக் காரணிகள். இவ்வெண்ணை வகுக்கும் எந்தப் பகா எண்ணுக்கும் 2³²-இன் மீதி −1 என்பதால், மீதி 1 தரும் மிகச் சிறிய அடுக்கு 64. சிறு தேற்றப்படி, அப்பகா எண்ணைவிட 1 குறைந்த எண் 64-இன் மடங்காக வேண்டும். வர்க்கமூலம் வரை சோதிக்க 6,542 பகா எண்கள் உண்டு. இந்நிபந்தனையோ 193, 257, 449, 577, 641 என்ற வரிசையில் ஐந்தாவதிலேயே விடை தருகிறது. 64-ஐ 128 ஆக்கலாம் என லூக்கா 1878-இல் காட்டினார். அப்போது 641-க்கு முன் எஞ்சுவது 257 மட்டுமே.

641 வகுப்பதை நீள்வகுத்தலின்றியே சரிபார்க்கலாம். 641 = 5 × 2⁷ + 1; எனவே 5 × 2⁷-இன் மீதி −1, அதன் நான்காம் அடுக்கான 5⁴ × 2²⁸-இன் மீதி 1. மறுபுறம் 641 = 5⁴ + 2⁴; எனவே 5⁴-க்குப் பதில் −2⁴-ஐ இடலாம். −2³²-இன் மீதி 1 ஆகிறது. அதாவது 2³² + 1 மீதியின்றி வகுபடுகிறது.

67,00,417 பகா எண் என்பதற்கும் லூக்காவின் நிபந்தனையே போதும். அதன் வர்க்கமூலம் 2,589-க்குச் சற்றுக் குறைவு. அதற்குள் 128-இன் மடங்கைவிட 1 கூடிய பகா எண்கள் 257, 641, 769, 1,153, 1,409 மட்டுமே. முதல் ஐந்து பெர்மா எண்களின் பெருக்கற்பலன் 4,29,49,67,295. இது ஆறாவதைவிட 2 குறைவு. ஆகவே 257 ஆறாவது எண்ணை வகுக்காது. மற்ற நான்கும் 67,00,417-ஐ வகுக்கும்போது முறையே 44, 120, 334, 622 மீதியாகின்றன.

முதல் ஐந்து பெர்மா எண்களுக்கும் ஆறாவதற்கும் உள்ள வேறுபாடு வடிவியலிலும் தெரிகிறது. காஸ், வான்ட்செல் ஆகியோரின் தேற்றப்படி, 4,29,49,67,295 பக்க ஒழுங்குப் பலகோணத்தை அளவுகோலும் கவராயமும் கொண்டு வரையலாம். 4,29,49,67,297 பக்கப் பலகோணத்தை வரைய இயலாது. காரணம், முன்னதன் பகாக் காரணிகள் யாவும் வெவ்வேறு பெர்மா எண்கள். பின்னதன் காரணிகள் இரண்டும் பெர்மா எண்கள் அல்ல.