வலியே பெயரான நோய்: ஜின்சூ ஆற்றின் கதை

ஜப்பானிய மொழியில 'இதாய்' என்றால் 'வலிக்குது' என்று அர்த்தம். நாம 'ஐயோ அம்மா' என்று கத்துற இடத்துல அவங்க 'இதாய்' என்பாங்க. அந்தச் சொல்லையே இரண்டு தடவை சொல்லி ஒரு நோய்க்குப் பெயராக்கிட்டாங்க: இதாய்-இதாய். நோயாளிகள் வாயிலிருந்து வேற வார்த்தையே வரலை, அதனால வந்த பெயர் இது.

இடம், ஜப்பானின் மேற்குக் கடலோரத்தில் இருக்கும் டொயாமா மாகாணம். அங்கே ஜின்சூ என்று ஒரு ஆறு. அந்தத் தண்ணீரில்தான் நெல் விளைஞ்சது. குடிக்கவும் சமைக்கவும் அதே தண்ணீர்தான். ஆற்றின் மேல்பகுதியில், மலைக்குள்ளே, காமியோகா சுரங்கம். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அது மிட்சுயி நிறுவனத்தின் கைக்கு வந்தது. வெள்ளி, ஈயம், அப்புறம் துத்தநாகம்.

துத்தநாகம் ஏன் முக்கியம்? பித்தளைக்கு அது வேணும். துப்பாக்கித் தோட்டாவின் உறைக்குப் பித்தளை வேணும். போர் வரும்போதெல்லாம் சுரங்கம் வேகமெடுத்தது. துத்தநாகத் தாதுவோட ஒட்டிக்கிட்டே வர்ற இன்னொரு உலோகம் காட்மியம். அன்னைக்கு அதைப் பெரிசா யாரும் கண்டுக்கலை. தாதுவைப் பிரிச்சதும் மிஞ்சின கழிவோட ஆற்றில் போனது. ஆறு வாய்க்காலுக்குக் கொண்டு போனது. வாய்க்கால் வயலுக்குக் கொண்டு போனது.

1910களிலேயே ஆற்றோரக் கிராமங்களில் விநோதமான வலி தெரிய ஆரம்பிச்சது. பாதிக்கப்பட்டவங்க பெரும்பாலும் பெண்கள். அதுவும் பல பிள்ளைகள் பெற்ற, மாதவிடாய் நிற்கிற வயதைத் தாண்டியவங்க. முதல்ல இடுப்பு வலி, பிறகு நடையில் தள்ளாட்டம், பிறகு படுக்கை. இருமினாலே விலா எலும்பு முறியும். ஒரு நோயாளியின் உடலில் 72 முறிவுகள் எண்ணப்பட்டிருக்கு.

உடம்புக்குள்ள நடந்தது இதுதான். சோற்றிலும் தண்ணீரிலும் போன காட்மியம் சிறுநீரகத்தில் தங்கிடும். அதில் பாதி வெளியேறவே 10 முதல் 30 ஆண்டுகள் ஆகலாம். அது சேரச் சேர, சிறுநீரகத்தின் நுண்குழாய்கள் கெட்டுப்போகும். உடம்பு பிடிச்சு வைக்க வேண்டிய கால்சியமும் பாஸ்பேட்டும் சிறுநீரோட போயிடும். எலும்பு மெழுகு மாதிரி ஆயிடும். இரும்புச்சத்துக் குறைவு இருந்தா காட்மியம் இன்னும் அதிகமா உடம்பில் ஏறும். அடுத்தடுத்த பிரசவங்கள் அந்தப் பெண்களின் உடம்பில் மிச்சம் எதையும் விட்டுவைக்கலை.

ஆனா இதெல்லாம் பின்னாடி தெரிஞ்சது. அன்னைக்குச் சொன்ன காரணங்கள் ஊட்டச்சத்துக் குறைவு, ஓயாத வயல் வேலை, ஏதோ ஒரு கிருமி. அதாவது, குறை அந்தப் பெண்களிடம்தான்.

1946இல் ஹகினோ நொபோரு என்ற மருத்துவர் போர்முனையிலிருந்து ஊர் திரும்பி, குடும்பத்தின் மருத்துவமனையை ஏற்று நடத்தினார். வரிசையா இதே வலி. நோயாளிகளின் வீடுகளை வரைபடத்தில் புள்ளி வச்சுப் பார்த்தார். புள்ளிகள் எல்லாம் ஜின்சூ ஆற்றுத் தண்ணீர் பாயும் பகுதிக்குள்ளேயே இருந்தன. வேற ஆற்றுப் பாசனம் தொடங்கும் இடத்தில் புள்ளிகள் நின்னுடுது. 1957இல் அவர் சுரங்கக் கழிவுதான் காரணம் என்று சொன்னபோது, விளம்பரத்துக்காகப் பேசுறார் என்று ஏளனம் செய்தாங்க. வேளாண் அறிஞர் யோஷியோகா கின்இச்சியும், ஒகயாமா பல்கலைக்கழகத்தின் கொபயாஷி ஜுன்னும் கைகொடுத்தாங்க. 1961இல் காட்மியம் என்ற பெயர் வெளியே வந்தது.

எதிர்ப்பு சுரங்கத்திலிருந்து மட்டும் வரலை, ஊருக்குள்ளேயும் வந்தது. விஷயம் வெளியே தெரிஞ்சா நம்ம அரிசியை யார் வாங்குவா? நம்ம வீட்டுக்கு யார் பெண் கொடுப்பா? இந்தப் பயத்தை நான் குறைச்சுப் பேச மாட்டேன். விவசாயக் குடும்பத்துக்கு அந்த இரண்டும்தானே வாழ்க்கை. அதையும் மீறி 1966இல் கொமட்சு யோஷிஹிசா தலைமையில் மக்கள் ஒரு சங்கம் கட்டினாங்க. 1968 மார்ச்சில் வழக்குப் போட்டாங்க. அதே ஆண்டு மே மாதம் ஜப்பான் அரசு, காரணம் காமியோகாவிலிருந்து வந்த காட்மியம்தான் என்று அறிவிச்சது. அந்த நாட்டில் அரசு ஏற்றுக்கொண்ட முதல் மாசு நோய் இதுதான்.

நீதிமன்றத்தில் நிறுவனம் கேட்ட கேள்வி: எவ்வளவு காட்மியம் போனா எந்த எலும்பு எப்படி உடையும், துல்லியமா நிரூபிக்க முடியுமா? டொயாமா நீதிமன்றம் அந்த வலையில் விழலை. யாருக்கு, எங்கே, எப்போது நோய் வந்தது என்ற கணக்கே போதும் என்றது. 1971 ஜூன் 30இல் மக்கள் ஜெயிச்சாங்க. நிறுவனம் மேல்முறையீடு போனது. 1972 ஆகஸ்ட் 9இல் அதிலும் தோல்வி.

எனக்கு முக்கியமாப் படுற இடம் அதுக்கு அடுத்த நாள். மக்கள் டோக்கியோவில் மிட்சுயி தலைமை அலுவலகத்துக்கே போய் உட்கார்ந்தாங்க. நஷ்டஈடு, மண் சீரமைப்பு, இவற்றோட இன்னொரு கையெழுத்தும் வாங்கினாங்க: ஊர்க்காரர்கள் நினைச்ச நேரத்தில், நிபுணர்களைக் கூட்டிக்கிட்டு, சுரங்கத்துக்குள்ளே போய்ச் சோதனை போடலாம். செலவு நிறுவனத்தோடது. அன்றிலிருந்து ஆண்டுதோறும் அந்தச் சோதனை நடந்து வருது. ஆற்றில் காட்மியம் இயற்கை அளவுக்கே இறங்கிடுச்சு.

மண் அவ்வளவு சீக்கிரம் மன்னிக்கலை. சுமார் 860 ஹெக்டேர் வயலில் கெட்ட மண்ணைப் புதைச்சு, மேலே நல்ல மண் போட 33 ஆண்டுகளும் சுமார் 4,070 கோடி யென்னும் ஆச்சு. 2012இல்தான் முடிஞ்சது. சுரங்கம் 2001லேயே தாது எடுப்பதை நிறுத்திடுச்சு. அதே மலைக்குள்ளேதான் இன்னைக்கு நியூட்ரினோவைத் தேடும் சூப்பர் காமியோகாண்டே ஆய்வகம் இருக்கு. 2015 நோபல் பரிசு அங்கிருந்துதான் வந்தது. காமியோகா என்றதும் உலகத்துக்கு ஞாபகம் வர்றது அந்தப் பரிசுதான்.

ஒரு ஆறு கெட்டுப்போன செய்தி வரும்போது, எவ்வளவு அபராதம் என்றுதான் நாம முதல்ல கேட்கிறோம். ஜின்சூ மக்கள் கேட்டது அந்த ஆலைக் கதவின் சாவியை. அபராதம் ஒரு தடவை கட்டினா முடிஞ்சது. சாவி கையில் இருக்கிறவரைக்கும் ஆறு கண்காணிப்பில் இருக்கும்.