பீலித் தண்ணீரும் வெள்ளைத் தூளும்: ஊவாத் தோட்டங்களில் குளோரின்

ஊவா மாகாணத் தேயிலைத் தோட்டங்களுக்குக் குடிநீர் பெரும்பாலும் மலை ஊற்றுகளிலிருந்தே வந்தது. பதுளை, பசறை, மடூல்சீமை, நமுனுகுலை, அப்புத்தளை மலைகளில் ஊற்றுக்கண்ணை ஒட்டி ஒரு சிறு தொட்டி கட்டுவார்கள். அங்கிருந்து குழாயில் சரிவு வழியே இறங்கும் நீர் தொழிலாளர் குடியிருப்பான லயத்துப் பக்கத்துப் பீலியில் வந்து விழும். மோட்டாரும் வேண்டாம், எண்ணெய்ச் செலவும் இல்லை. செலவே இல்லாமல் வந்த அந்தத் தெளிந்த நீரைச் சுத்திகரிக்க வேண்டும் என்ற நினைப்பு தோட்ட நிர்வாகங்களுக்கு வெகுகாலம் எழவில்லை.

கோப்பிக் காலத்தில் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் மன்னாரிலிருந்து காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தனர். வழிநெடுகக் குளத்து நீரையும் குட்டை நீரையும் குடித்து, வாந்திபேதியில் விழுந்தவர்கள் ஏராளம். தோட்டம் வந்து சேர்ந்தவர்களோடு நோயும் வந்து சேர்ந்தது. அரசு முதலில் எடுத்த நடவடிக்கை வைத்தியத்தைப் பற்றியது, தண்ணீரைப் பற்றியது அல்ல. 1872ஆம் ஆண்டின் வைத்தியத் தேவைகள் கட்டளைச் சட்டம் நோயாளித் தொழிலாளரைக் கவனிக்கும் பொறுப்பைத் தோட்டங்கள் மீது சுமத்தியது. நோய் வந்தபின் மருந்து கொடுப்பது யார், அதற்குப் பணம் கட்டுவது யார் என்பதில்தான் அரசுக்கும் தோட்டத் துரைமாருக்கும் வாதம் நடந்தது. தண்ணீரில் வாந்திபேதி பரவுவதை லண்டனில் ஜோன் ஸ்நோ 1854இலேயே எடுத்துக்காட்டியிருந்தார்; அந்த அறிவு மலையேறி வரப் பல பத்தாண்டுகள் ஆயின.

குளோரின் வாயுவை 1774இல் கண்டறிந்தவர் ஷீலே. 1799இல் சார்ல்ஸ் டெனன்ட் காப்புரிமை பெற்ற ப்ளீச்சிங் பவுடர் துணி வெளுக்க வந்த சரக்கு. குடிநீருக்கு அதைப் பயன்படுத்தியது ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்குப் பின்னர்தான். 1897இல் இங்கிலாந்தின் மெய்ட்ஸ்டோன் நகரில் நெருப்புக்காய்ச்சல் பரவியபோது நீர்க்குழாய்களை அந்தத் தூளைக் கொண்டு சுத்தம் செய்தார்கள். 1905இல் லிங்கன் நகரிலும், 1908இல் அமெரிக்காவின் ஜெர்சி சிட்டியிலும் குளோரின் இடுவது அன்றாட வேலையாயிற்று.

மெய்ட்ஸ்டோனுக்கும் லிங்கனுக்கும் இடைப்பட்ட காலத்தில் ஊவாவிலேயே ஒரு பாடம் நடந்தது. 1900இல் தென்னாபிரிக்கப் போரில் பிடிபட்ட போவர் கைதிகளை ஆயிரக்கணக்கில் கொண்டுவந்து தியத்தலாவை முகாமில் அடைத்தார்கள். குளிர்ந்த மலைக்காற்று, நல்ல நீர் என்று பெயர் பெற்ற இடம். அங்கும் அதே ஆண்டில் நெருப்புக்காய்ச்சல் பரவிப் பலர் மாண்டனர். அவர்களது கல்லறைத் தோட்டம் இன்றும் தியத்தலாவையில் இருக்கிறது. நெருக்கமாக அடைபட்ட மனிதரின் கழிவு நீரில் கலந்தால் மலைநீர் என்ன, எந்த நீரும் காப்பாற்றாது. நெருக்கமான லயங்கள் சுற்றியிருந்த தோட்டங்களிலும் எத்தனையோ இருந்தன. முதுகோடு முதுகு ஒட்டிய வரிசையில், ஒரு காம்பிராவுக்கு ஒரு குடும்பம். சில காம்பிராக்களில் ஒன்றுக்கு மேலும்.

1912இல் தொழிலாளரிடையே நோய்கள் பற்றிய கட்டளைச் சட்டம் வந்து, லயங்களின் சுகாதாரமும் சட்டத்தின் கண்ணுக்குள் வந்தது. 1916இல் ரொக்கபெல்லர் நிறுவனத்தின் கொழுக்கிப்புழு ஒழிப்பு வேலை இலங்கைத் தோட்டங்களில் தொடங்கியது. புழு மருந்தை விழுங்கச் செய்வது எளிதாக இருந்தது. கக்கூசு கட்டுவதுதான் கடினம், ஏனென்றால் அதற்குத் தோட்டம் பணம் போடவேண்டும். மருந்து குடித்தவர்களுக்கே புழு திரும்பவும் வந்தது. குடிநீரின் கதையும் இதோடு பின்னிக் கிடக்கிறது. மேல் லயத்தின் கழிவு மழையில் கரைந்து கீழ் லயத்தின் ஊற்றுக்குள் இறங்கும் அமைப்பில், தூளை மட்டும் நம்பிப் பயனில்லை.

ப்ளீச்சிங் பவுடர் தோட்ட டிஸ்பென்சரிக்கு வந்த பிறகும் பெரும்பாலும் கானுக்கும் கக்கூசுக்கும் தூவும் பொருளாகவே இருந்தது. தண்ணீர்த் தொட்டிக்கு அது போனது வயிற்றுளைவோ செங்கமாரியோ லயத்தில் பரவி, பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து சொன்ன பிறகு. நோய் அடங்கியதும் தூள் போடுவதும் நின்றுவிடும். ஆறு மாதம் கழித்து மறுபடியும் நோய்.

செய்முறை பெரிய வித்தை அல்ல; கைப்பழக்கம் வேண்டும், அவ்வளவே. புதிய ப்ளீச்சிங் பவுடரில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு பயன்தரும் குளோரின். லீட்டருக்கு 2 மில்லிகிராம் வீதம் 10,000 லீட்டர் தொட்டிக்கு 20 கிராம் குளோரின் வேண்டும். அதாவது சுமார் 60 கிராம் தூள். அதைச் சிறிது நீரில் களியாகக் குழைத்து, வாளியில் நீர் சேர்த்துக் கலக்கி, சுண்ணாம்பு அடியில் தங்கும்வரை வைத்து, தெளிந்த மேல்நீரை மட்டும் தொட்டியில் ஊற்றவேண்டும். அரைமணி நேரம் கழித்துப் பீலியில் பிடித்த நீரில் லீட்டருக்கு 0.5 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருந்தால் போதும். எவ்வளவு தூள் வேண்டும் என்று அறிய ஹொரொக்ஸ் என்ற பிரிட்டிஷ் இராணுவ மருத்துவர் ஒரு பெட்டியை வடிவமைத்தார். ஆறு வெள்ளைக் கிண்ணங்கள், ஒரு கறுப்புக் கிண்ணம், 2 கிராம் கரண்டிகள். கறுப்புக் கிண்ணத்தில் தூளைக் கரைத்து, வெள்ளைக் கிண்ணங்களில் எடுத்த நீரில் அந்தக் கரைசலைச் சொட்டு கூட்டிக் கூட்டி விட்டு, அரைமணி கழித்து நிறங்காட்டியைச் சேர்ப்பார்கள். மூன்றாவது கிண்ணத்தில் முதலில் நீலம் தெரிந்தால் 455 லீட்டருக்கு மூன்று கரண்டி, 6 கிராம். தெற்காசியப் பொதுச் சுகாதாரப் பாடநூல்களில் இந்தப் பெட்டிக்கு இன்றும் இடமுண்டு. எஞ்சிய குளோரினை அளக்க இப்போது சிறு மாத்திரை ஒன்றே போதும். நீர் இளஞ்சிவப்பானால் குளோரின் இருக்கிறது, நிறத்தின் அடர்த்தி அளவைச் சொல்லும்.

ஊவாவின் பருவநிலை இந்தக் கணக்கைக் குழப்பிவிடும். ஜூலை முதல் செப்டெம்பர் வரை வறண்ட கச்சான் காற்று வீசும். ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் பெயர் வாங்கித் தந்த மணம் அந்தக் காற்றில்தான் உருவாகிறது; ஊற்றுகள் மெலிந்து பீலிக்கரையில் குடங்கள் வரிசை கட்டுவதும் அதே மாதங்களில். நீர் வரத்து விட்டு விட்டு வந்தால் குழாயில் அழுத்தம் குறைந்து, வெடிப்புகள் வழியே வெளி அழுக்கு உள்ளே இழுபடும். ஒக்டோபரில் மழை பிடித்ததும் நீர் மண்ணிறமாகிறது. இலைச்சருகும் சேறும் கலந்த நீரில் போட்ட குளோரினை அந்த அழுக்கே தின்றுவிடும். கிருமிக்கு மிச்சம் இருக்காது. வடிகட்டாமல் தூளை மட்டும் கூட்டினால் நாற்றம்தான் மிஞ்சும், சனங்கள் அந்த நீரை விட்டுவிட்டு வேறு ஊற்றைத் தேடுவார்கள். ஈரக் காற்றில் திறந்து கிடக்கும் மூட்டையும் வீரியம் இழந்துவிடுகிறது. சென்ற ஆண்டு வாங்கிய தூளைப் பழைய அளவில் போடுவது போடாததற்குச் சமம்.

1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் மீண்டும் தனியார் கம்பனிகளின் கைக்குப் போனது. லயத்துத் தண்ணீரின் பொறுப்பும் கூடவே கைமாறிற்று. 1993 முதல் 1998 வரை உலக வங்கிக் கடனில் நடந்த சமூக நீர் வழங்கல், சுகாதாரத் திட்டத்தில் பதுளை, இரத்தினபுரி, மாத்தறை ஆகிய மூன்று மாவட்டங்கள் இடம்பெற்றன. பயன்பெறும் மக்களே சங்கம் அமைத்து, கட்டணம் வாங்கி, பராமரிப்பாளரை வைத்துக்கொள்ளும் முறை அதில் வந்தது. கிராமத்துக்கு அது பொருந்தியது. லயத்திலோ நிலமும் ஊற்றும் தோட்டத்தினுடையவை, குடிப்பவர் மட்டும் தொழிலாளி. தொட்டிக்குப் பூட்டுப் போடக்கூட அவருக்கு அதிகாரம் இல்லை.

எல்ல, பண்டாரவளைப் பக்கம் பழைய துரை பங்களாக்கள் சில இன்று சுற்றுலா விடுதிகள். நீச்சல் குளம் வைத்திருக்கும் விடுதியில் குளோரினை லீட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம் வரை நிறுத்தவேண்டும். வெயில் அதைக் கரைத்துக்கொண்டே இருப்பதால் நாள்தோறும் சோதனை. அதற்கென்று ஓர் ஆள், அவருக்கு ஒரு சம்பளம், கையில் ஒரு சோதனைப் பெட்டி. குளிக்கும் நீருக்குக் கிடைக்கும் இந்தக் கவனிப்பு, அதே மலையின் குடிக்கும் நீருக்கு முறையான வேலையாக வரவே இல்லை. தூளுக்கும் அறிவுக்கும் ஊவாவில் நூறு ஆண்டுகளாகப் பஞ்சமில்லை. மேல் தொட்டிக்குத் தினமும் ஏறிப்போக ஓர் ஆளைச் சம்பளம் கொடுத்து நியமிப்பதுதான் இன்னும் பாக்கி.