மன்றம், பொதியில், அவை: பொதுவிடச் சொற்களின் பொருள் வேறுபாடு

பண்டைத் தமிழகத்தின் பொதுவிடங்களைக் குறிக்கும் சொற்கள் ஒருபொருட் பன்மொழிகளாகவே பெரிதும் கொள்ளப்படுகின்றன. உரைகளும் அகராதிகளும் ஒன்றற்கு மற்றொன்றைப் பொருளாகத் தருவதே இதற்குக் காரணமாகும். எனினும், இலக்கிய ஆட்சிகளையும் கல்வெட்டுகளையும் ஒப்புநோக்கின், இச்சொற்களிடையே அடிப்படை வேறுபாடு இருத்தல் புலனாகும்.

சங்கப் பாடல்களில் மன்றம் என்பது பெரும்பாலும் மரத்தடித் திறந்தவெளியாகும். வேம்பும் பலாவும் அதன் அடையாளங்கள். மாலையில் ஆநிரை வந்து புகுதலும் அங்கேயே. பொதியிலோ, 'பொது', 'இல்' என்னும் சொற்களின் சேர்க்கை காட்டுவதுபோல், கட்டடமாகும். அகநானூற்றின் 167ஆம் பாடல் செங்கற்சுவருடைய பாழ்பட்ட பொதியிலைக் காட்டுகிறது. பட்டினப்பாலையில் புதியவர்கள் தங்கும் இடமாகவும், கந்தினை வழிபடும் இடமாகவும் பொதியில் அமைகிறது. அயலார்க்கும் அதனுள் இடமுண்டு என்பது கருதத்தக்கது.

அவை என்பது இடத்தினும் அங்குக் கூடும் அறிவுடையோரையே முதன்மையாகச் சுட்டும். திருக்குறளின் அவையறிதல், அவையஞ்சாமை ஆகிய அதிகாரங்கள் இதற்குச் சான்று. சிலப்பதிகாரம் கூறும் புகாரின் ஐவகை மன்றங்களுள் ஒன்றான பாவை மன்றத்தில், அரசன் செங்கோல் கோடினும் அறங்கூறு அவையம் ஒருபாற் கோடினும் பாவை கண்ணீர் உகுக்கும். இங்கு அவையம் தீர்ப்புரைக்கும் குழு. மன்றம் அத்தீர்ப்பின் பிழையை ஊரறியச் செய்யும் வெளி.

சோழர் காலச் சபையின் இயல்பு வேறு. முதலாம் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டு (கி.பி. 921), 30 குடும்புகளிலிருந்து குடவோலைவழி வாரியத்திற்குத் தேர்ந்தெடுக்கப்படுவோர்க்கு நிலவுடைமை, சொந்த மனை, 35 முதல் 70 வரையிலான அகவை, வேதக்கல்வி முதலிய தகுதிகளை வரையறுக்கிறது. சபை பிரமதேய ஊர்களுக்குரியது. வேளாண் ஊர்களில் 'ஊர்' என்பதும் வணிகர் குடியிருப்புகளில் 'நகரம்' என்பதும் தனித்தனி அமைப்புகளாக இயங்கின. ஆகவே, சபையைச் சங்ககால மன்றத்தின் நேர்த்தொடர்ச்சியாகக் கொள்ளுதல், அனைவர்க்குமான வெளியையும் தகுதியால் வரையறுக்கப்பட்ட குழுவையும் ஒன்றாக்கிவிடும்.

அம்பலம் என்னும் சொல்லின் வரலாறும் நோக்கத்தக்கது. மலையாளத்தில் அது கோயிலையே குறிக்கிறது. தமிழில் தில்லை வழக்கில் இறைவன் ஆடும் இடமாயினும், 'அம்பலப்படுத்துதல்' என்னும் வழக்கில் 'பலரறி வெளி' என்னும் பொருள் நிலைத்துள்ளது.

இருபதாம் நூற்றாண்டில் 'சட்டசபை' என்பதன் இடத்தைச் 'சட்டமன்றம்' பெற்றபோது, குழுவைக் குறித்த சொல்லுக்கு மாற்றாக வெளியைக் குறித்த சொல் வந்தது. எனவே, பொதுவிடச் சொல் ஒவ்வொன்றையும் ஆராயுமிடத்து, அவ்விடத்தில் நுழையும் உரிமை யார்க்கு இருந்தது என்பதையும் உடன் ஆராய்தல் இன்றியமையாததாகும்.