ஒரு சோறு பதம்: ஓடும் நிரலை ஓட்டம் குலையாது அளந்த வரலாறு

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது அடுக்களையில் பிறந்த பழமொழி. பானைச் சோறு முழுவதையும் பிசைந்து பார்த்தே வேக்காடு அறிவேன் என ஒருத்தி முற்படின், வேக்காடு தெரிந்துவிடும். உண்பதற்குச் சோறு இராது. அளக்கும் செயல் அளக்கப்படும் பொருளைக் கெடுத்துவிடலாகாது என்னும் நுண்ணறிவு இப்பழமொழியுள் அடங்கிக் கிடக்கிறது. இணைய வழங்கிகளில் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களின் வேகத்தை அளக்கப் புகுந்த கணினி அறிஞர்கள், பல பத்தாண்டுகள் முயன்று இறுதியில் வந்து சேர்ந்த இடமும் இதுவே. அவ்வரலாறு ஆசிரியர் உலகம் அறியத் தக்கது.

ஆலையில் பிறந்த முறை

வேலையை அளக்கும் கலை கணினிக்கு முற்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்கப் பொறியாளர் பிரெடெரிக் டெய்லர், நிறுத்து கடிகாரத்தைக் கையிற்கொண்டு தொழிலாளியின் ஒவ்வோர் அசைவையும் கணக்கிடும் முறையைப் பரப்பினார். இம்முறைக்குக் காவலர்போல் ஒருவர் இடைவிடாது பக்கத்தில் நிற்றல் வேண்டும். நிற்பவரைக் கண்டதும் தொழிலாளியின் வேகம் மாறிவிடும் என்பது சொல்லாமலே விளங்கும்.

1930-களில் இங்கிலாந்தின் பருத்தி ஆலைகளில் ஆய்வு செய்த புள்ளியியலறிஞர் எல். எச். சி. டிப்பெட் வேறொரு வழி கண்டார். ஒரு தறியின் அருகே நாள் முழுதும் நிற்பதை விடுத்து, ஆலையை அவ்வப்போது சுற்றிவந்து, அந்நொடியில் எத்தறி ஓடுகிறது, எத்தறி நின்றிருக்கிறது என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுதல் அவ்வழியாகும். நூறு முறை நோக்கியதில் இருபது முறை தறி நின்றிருந்தால், அதன் நேரத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு வீணாகிறது என்பது பெறப்படும். கடிகாரம் வேண்டியதில்லை, காவலும் வேண்டியதில்லை. மாதிரி எடுத்தல் எனப்படும் இம்முறையே பின்னாளில் கணினிக்கும் கைகொடுத்தது.

ஊகமும் அளவும்

நிரல் எழுதியவருக்கே அதன் காலதாமதம் எங்குள்ளது என்பது தெரியும் எனப் பலர் எண்ணுவர். 1971ஆம் ஆண்டில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டொனால்ட் நூத், ஃபோர்ட்ரான் மொழி நிரல்கள் பலவற்றை ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரை இவ்வெண்ணத்தை அசைத்தது. அவருடைய குழுவினர் குப்பைக் கூடையில் எறியப்பட்ட நிரல் தாள்களையும் விடவில்லை. நிரலின் நூற்றில் நான்கு பங்கிற்கும் குறைவான பகுதியே அதன் ஓட்ட நேரத்தில் பாதிக்கு மேல் விழுங்குகிறது என்பது அவர்கள் கண்ட பொதுநிலை. எஞ்சிய பகுதியை எவ்வளவு செப்பனிட்டாலும் பயன் சிறிது. ஆகவே அளவாது திருத்தப் புகுதல், நோயிடம் அறியாது மருந்து பூசுதலை ஒக்கும்.

1982இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சூசன் கிரகாம், பீட்டர் கெஸ்லர், மார்ஷல் மெக்கூசிக் ஆகிய மூவர் ஜிபுரொஃப் என்னும் கருவியை வெளியிட்டனர். ஒவ்வொரு செயற்கூறும் எத்தனை முறை, யாரால் அழைக்கப்பட்டது என்பதை அது எண்ணியது; கூடவே, குறித்த இடைவெளிகளில் நிரல் எவ்விடத்தில் நிற்கிறது என்பதையும் பார்த்துக் குறித்தது. எண்ணலும் மாதிரியும் ஒரே கருவியில் கூடின. எனினும் ஒரு குறை இருந்தது. ஒரு செயற்கூற்றின் மொத்த நேரத்தை, அழைத்தவர்களுக்கு அழைப்பின் எண்ணிக்கைப்படியே அது பங்கிட்டது. ஒருவர் பத்துமுறை அழைத்துச் சிறு வேலை வாங்க, மற்றவர் ஒருமுறை அழைத்துப் பெருவேலை வாங்கினாலும், பழி பத்துமுறை அழைத்தவர் மேலேயே விழும்.

வலைத்தளத்தின் வருகை

1993இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் என்சிஎஸ்ஏ நிலையத்தார் சிஜிஐ என்னும் முறையை வகுத்தனர். அதனால் வலைப்பக்கம் வெறும் எழுதிவைத்த ஏடாக இராமல், கேட்போர் கேட்குந்தோறும் ஒரு நிரல் ஓடிப் புதிதாக ஆக்கித் தரும் பொருளாயிற்று. 1995இல் ராஸ்மஸ் லெர்டோர்ஃப் பிஎச்பி கருவிகளை உலகுக்கு வழங்கினார். ஸ்கிரிப்ட் என வழங்கும் இத்தகைய நிரல்கள் எங்கும் பெருகின.

இங்கே சிக்கல் புதியதோர் உருவம் கொண்டது. பழைய நிரலைப் பட்டறையில் தனியே ஓட்டி அளந்துவிடலாம். வழங்கியின் நிரலோ, ஒரே வேளையில் பல்லாயிரவர் கதவு தட்டும்போதுதான் தன் உண்மை நிலையைக் காட்டும். பட்டறையில் சிறிய தரவுத்தளத்தின் முன் விரைந்து ஓடிய நிரல், மெய்யான கூட்டத்தின் முன் தள்ளாடும். அதனை ஓடும் இடத்திலேயே அளத்தல் வேண்டும்; அளப்பதனால் கதவருகே நிற்போர் காத்திருக்கவும் கூடாது.

அளவே பிழையாதல்

எக்ஸ்டீபக் போன்ற கருவிகள் ஒவ்வொரு செயற்கூற்றின் நுழைவையும் வெளியேற்றத்தையும் கோப்பில் எழுதிவைப்பன. பட்டறையில் இவை பெரிதும் பயன்படுவன. ஓடும் வழங்கியில் நேர்வது யாது? ஒரு பக்கத்தை ஆக்க 0.2 வினாடி ஆவதாகவும், அதற்குள் ஓர் இலட்சம் அழைப்புகள் நிகழ்வதாகவும் கொள்க. ஒவ்வோர் அழைப்பையும் குறிக்க வினாடியின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு ஆயினும், மொத்தம் 0.1 வினாடி கூடிவிடும். பக்கம் ஒன்றரை மடங்கு நேரம் கொள்ளும்.

தாமதத்தினும் கொடியது பொய்க் கணக்கு. அழைப்புக்கு ஒரு மைக்ரோ வினாடியே கொள்ளும் சிறு செயற்கூறு, அளவின் சுமையால் இரு மடங்காகத் தோன்றும். ஆயிரம் மைக்ரோ வினாடி கொள்ளும் பெருங்கூறு சற்றும் மாறாததுபோல் தோன்றும். சிறியது குற்றவாளியாகிறது, பெரியது தப்பிவிடுகிறது. பள்ளி ஆய்வாளர் நுழைந்த நொடியே பாடமும் மாறிவிடுகிறது. மாணவரும் நிமிர்ந்து அமர்கின்றனர். அவர் காண்பது அன்றாட வகுப்பை அன்று. ஆய்வாளர் வந்த வகுப்பையே. அவ்வாறே, கனத்த கருவி காட்டுவது நிரலை அன்று. கருவி சுமந்த நிரலையே.

வெளியே நின்று நோக்குதல்

1997இல் டிஜிட்டல் நிறுவன ஆய்வாளர்கள் தம் ஆல்ஃபா கணினிகளுக்கென ஒரு முறையை அறிவித்தனர். ஒரு செயலியின் நிலையை வினாடிக்கு 5,200 முறைக்கு மேல் நோக்கியும், பெரும்பாலான வேலைகளில் தாமதம் நூற்றுக்கு 1 முதல் 3 பங்கே ஆயிற்று. நோக்கும் இடைவெளியையும் அவர்கள் ஒரே சீராக வைக்கவில்லை. அதன் காரணம் நுட்பமானது. நிரலுக்குள்ளும் சீரான தாளத்தில் எழும் வேலைகள் உண்டு. நோக்குபவரின் தாளமும் அதனோடு ஒத்துவிட்டால், எப்போதும் ஒன்றையே காண்பர், அல்லது ஒருபோதும் காணார். வினாடிக்கு 100 முறைக்குப் பதில் 99 முறை நோக்கும் வழக்கம் இன்று கருவிகளில் காணப்படுவது இதனாலேயே.

2005இல் சன் நிறுவனத்தின் சோலாரிஸ் 10 அமைப்போடு டிடிரேஸ் வெளிவந்தது. அதன் சோதனைப் புள்ளிகள், தேவையானபோது மட்டும் விழிப்பவை, உறங்கும்போது சுமையற்றவை. பலர் பகிர்ந்து பயன்படுத்திய ஒரு பெருங்கணினி தளர்ந்தபோது, அதனைக் கொண்டு தேடியவர்கள் இறுதியில் கண்ட காரணம், சிலர் திரையின் மூலையில் வைத்திருந்த பங்கு விலை காட்டும் சிறு நிரல். ஊகம் அங்குச் சென்றிராது.

பிஎச்பி உலகில், ஃபேஸ்புக் நிறுவனம் 2009இல் எக்ஸ்எச்புரொஃப் கருவியைப் பொதுவில் வெளியிட்டது. வரும் வேண்டுகோள்கள் பலவற்றுள் ஒன்றை மட்டும் தெரிந்தெடுத்து அளக்க அதனைப் பயன்படுத்தலாயினர். 2010இல் கூகிள் நிறுவனத்தார், தம் தரவு மையங்களில் ஒருசில கணினிகளை ஒருசில வேளைகளில் மட்டும் நோக்கி, முழுமையின் நிலையை அறியும் ஏற்பாட்டை விளக்கினர். 2011இல் பிரெண்டன் கிரெக், திரண்ட மாதிரிகளைத் தீக்கொழுந்து வடிவில் ஒரே படமாக்கிக் காட்டினார்; அகன்ற கொழுந்தே மிகுந்த நேரம். 2018இல் ரூபி மொழிக்கு ஆர்பிஸ்பையும் பைத்தான் மொழிக்கு பைஸ்பையும் தோன்றின. இவை நிரலுள் ஒரு வரியும் சேர்ப்பதில்லை. வெளியே தனி நிரலாக நின்று, ஓடும் நிரலின் நினைவகத்தைப் படித்துக்கொள்கின்றன.

வினாடிக்கு 100 முறையாக 100 வினாடி நோக்கினால் 10,000 மாதிரிகள். அவற்றுள் 2,500இல் ஒரு செயற்கூறு காணப்பட்டால், அது நூற்றுக்கு 25 பங்கு நேரம் கொள்கிறது. பிழை பெரும்பாலும் ஒரு பங்குக்குள் அடங்கும். ஒரு நோக்குக்குப் பத்து மைக்ரோ வினாடி ஆயினும், சுமை ஆயிரத்தில் ஒரு பங்கே. நிரலுக்குள் அழைப்புகள் எத்துணைப் பெருகினும் இச்சுமை பெருகுவதில்லை.

முறையின் எல்லை

ஒரு சோறு பதமாவது பானை முழுதும் ஒருசீராக வெந்தபோதே. அரிதாக ஒருமுறை நேரும் தடை மாதிரியில் அகப்படாது. செயலி உழைக்கும் நேரத்தை மட்டும் நோக்கினால், தரவுத்தளத்தின் மறுமொழிக்காக நிரல் காத்துக் கிடக்கும் நேரம் கணக்கில் வாராது. வலை நிரல்களுக்கோ அக்காத்திருப்பே பல வேளைகளில் பெரும்பங்கு. ஆகவே கடிகார நேரத்தையும் சேர்த்து நோக்குதல் அறிவுடைமை. எத்தனை முறை அழைக்கப்பட்டது என்னும் வினாவுக்கு எண்ணும் கருவியே விடை தரும்.

எல்லாவற்றையும் குறித்துவைப்பவனே மிகுதியாக அறிவான் என்பது இயல்பாக எழும் எண்ணம். பருத்தி ஆலை முதல் இணைய வழங்கி வரையுள்ள வரலாறு அதனை மறுக்கிறது. வேலைக்கு இடையூறின்றிப் பலகாற் சென்று சிறிதே நோக்குபவன், இடைவிடாது தலைமேல் நிற்பவனினும் உண்மைக்கு அணித்தாக நிற்கிறான். மாணவரின் கல்வியை அளக்கும் பொறுப்புடையார்க்கும் இப்பாடம் பொருந்தும்.