தாதாபாயின் கணக்கு

நாடு நலிகின்றதே என்று வருந்தாத தலைமுறை இல்லை. வண்டி தாமதமாயின் நம் நடைமேடையிலும் அப்பேச்சுக்குக் குறைவிராது. அவ்வருத்தத்தைக் கணக்கில் ஏற்றிக் காட்டியவர், இம்மும்பையில் 1825-இல் பிறந்த தாதாபாய் நௌரோஜி. போரிபந்தரில் இறங்கி அன்பர்கள் பலர் அன்றாடம் நடக்கும் சாலை அவர் பெயருடையதே.

கல்லூரியில் கணிதம் பயிற்றியவர் அவர். இந்தியாவின் வறுமை பற்றி 1876-இல் இந்நகரில் படித்த கட்டுரையில், நாட்டின் ஆண்டு விளைவு தலைக்கு 20 ரூபாய் என மதிப்பிட்டார். அதனருகே அரசாங்கத்தின் சிறைக் கணக்கையே எடுத்து வைத்தார். கைதி ஒருவனின் ஊணுக்கும் உடைக்கும் ஆன செலவு, அவர் காட்டிய மாகாணம் ஒவ்வொன்றிலும் 20 ரூபாய்க்கு மேற்பட்டிருந்தது! குற்றமற்ற குடியானவனுக்கு அவ்வளவும் இல்லை.

ரயில்வே குமாஸ்தாவாகிய எனக்கு உறைப்பது வேறொன்று. 1853-இல் இங்கிருந்து தாணாவுக்கு முதல் வண்டியை விட்ட கம்பெனியின் முதலுக்கு 5 சதவீத வட்டி உறுதி செய்யப்பட்டிருந்தது. வருவாய் போதாவிடின் இந்திய வரிப்பணம் ஈடு செய்யும். (சிக்கனத்தில் யாருக்கு அக்கறை பிறக்கும்?) தாதாபாய் இருப்புப்பாதையை வெறுத்தாரல்லர், அதன் ஆதாயம் கடல் கடந்து போவதையே கண்டித்தார்.

சென்னை ஜி. சுப்பிரமணிய ஐயர் 1897-இல் வெல்பி கமிஷன் முன் சாட்சியம் கூறியபோது, அதன் உறுப்பினருள் தாதாபாயும் ஒருவர். 1906-இல் கல்கத்தா காங்கிரஸில் சுயராஜ்யம் கோரிய தலைமையுரையும் அவருடையது. அப்போது வயது 81; குரல் தளர்ந்திருந்தமையால், அவ்வுரையைக் கோகலே படித்தார்.