மூவாரில் வளர்ந்த அரசதந்திரி: எஸ்.ஆர். நாதன்



மூவார் என்றவுடன் நம் பிள்ளைகளுக்கு மீ பண்டோங்கும் ஓத்தாக் ஓத்தாக்கும் ஆற்றங்கரையும் நினைவுக்கு வரும். வாசிங்டனில் ஆறாண்டுகள் தூதராகப் பணியாற்றி, பின்னர் ஒரு நாட்டின் அதிபராகவும் உயர்ந்த தமிழர் ஒருவர் அவ்வூரில்தான் தம் இளமையைக் கழித்தார். அவர்தாம் செல்லப்பன் ராமநாதன் என்னும் எஸ்.ஆர். நாதன்.

நாதன் 3.7.1924இல் சிங்கப்பூரில் பிறந்தார். அவர்தம் தந்தையார் வழக்கறிஞர் அலுவலகமொன்றில் எழுத்தர். ரப்பர்த் தோட்டங்கள் தொடர்பான அப்பணியின் காரணமாகக் குடும்பம் மூவாருக்குக் குடிபெயர்ந்தது. 1930களின் தொடக்கத்தில் உலகப் பொருளாதார மந்தத்தால் ரப்பர் விலை சரிந்தது. கடன் சுமை தாங்காமல் தந்தையார் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அப்போது நாதனுக்கு வயது எட்டு.

குடும்பம் மீண்டும் சிங்கப்பூருக்குத் திரும்பியது. தந்தையை இழந்த சிறுவனுக்குப் பள்ளி வாழ்க்கை எளிதாக அமையவில்லை. இரண்டு பள்ளிகள் அவரை வெளியேற்றின. பதின்ம வயதில் அவர் வீட்டை விட்டே வெளியேறினார். இன்று அத்தகைய மாணவர் ஒருவர் நம் வகுப்பில் இருந்தால் அவரைப் பற்றி நாம் என்ன சொல்வோம்?

சப்பானியர் ஆட்சிக் காலத்தில் நாதன் மூவாரில் இருந்தார். சப்பானிய மொழியைக் கற்றுக்கொண்டு, சப்பானியக் காவல் துறையில் மொழிபெயர்ப்பாளராக வேலை செய்தார். நம் தோட்டத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் சயாம் மரண இரயில்பாதைக்குக் கொண்டு செல்லப்பட்ட கொடிய காலம் அது. அந்தப் பணியைப் பற்றி அவர் 2011இல் வெளிவந்த தம் நினைவுக் குறிப்பு நூலில் மறைக்காமல் எழுதியுள்ளார். பிற்காலத்தில் அவர் கரம்பற்றிய ஊர்மிளா என்னும் வங்காளப் பெண்ணைச் சந்தித்ததும் மூவாரில்தான். இரு குடும்பங்களின் தயக்கங்களையும் கடந்து, பதினாறு ஆண்டுகள் காத்திருந்து, 1958இல் இருவரும் மணம் புரிந்தனர்.

போருக்குப் பின், வேலை பார்த்துக்கொண்டே தாமாகப் படித்துப் பள்ளிக் கல்வியை நிறைவு செய்தார். 1954இல், முப்பதை எட்டிய வயதில், மலாயாப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் பட்டயம் பெற்றார். மருத்துவமனைச் சமூகப் பணியாளராகவும் கப்பல் தொழிலாளர் நல அதிகாரியாகவும் தொழிற்சங்க ஆய்வுப் பிரிவிலும் பணியாற்றிய பின், 1966இல் வெளியுறவு அமைச்சில் சேர்ந்தார். சிங்கப்பூர் தனிநாடாகிச் சில மாதங்களே ஆகியிருந்தன.

அவரது துணிவுக்குச் சான்றாக விளங்குவது லாஜு நிகழ்வு. 31.1.1974 அன்று, புக்கோம் தீவின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையைத் தாக்கிய நால்வர், லாஜு என்னும் பயணப் படகைக் கைப்பற்றி அதன் பணியாளர்களைப் பிணை பிடித்தனர். அவர்களுள் இருவர் சப்பானியர், இருவர் பாலத்தீனர். நாள்கணக்கில் பேச்சுவார்த்தை நடந்தது. இறுதியில், பிணையாளிகளை விடுவிப்பதற்கு ஈடாக நாதன் தலைமையில் 13 பேர் அந்த நால்வருடன் குவைத்துக்கு விமானம் ஏறினர். திரும்பி வருவோம் என்ற உறுதி ஏதுமின்றிச் சென்ற அவர்கள் அனைவரும் நலமுடன் திரும்பினர்.

நாதன் 1979 முதல் 1982 வரை வெளியுறவு அமைச்சின் நிரந்தரச் செயலாளராகவும், 1988 முதல் 1990 வரை மலேசியாவுக்கான சிங்கப்பூர்த் தூதராகவும் பணியாற்றினார். அடுத்து 1990 முதல் 1996 வரை அமெரிக்காவில் தூதராக இருந்தார். 1994இல் அமெரிக்க இளைஞர் மைக்கேல் ஃபே மகிழுந்துகளைச் சேதப்படுத்திய குற்றத்திற்காகச் சிங்கப்பூரில் பிரம்படித் தண்டனை பெற்றார். அமெரிக்காவில் கடும் கண்டனம் எழுந்தது. அதிபர் கிளிண்டனே தலையிட்டார். ஆறு பிரம்படிகள் நான்காகக் குறைக்கப்பட்டன. ஆயினும் தண்டனை நிறைவேற்றப்பட்டது. அத்தண்டனை சரியா தவறா என்பதில் கருத்து வேறுபாடு இருக்கலாம். ஒரு சிறிய நாட்டின் நிலைப்பாட்டை ஒரு வல்லரசின் தலைநகரில் நின்று விளக்க வேண்டிய பொறுப்பு அன்று அவர்மீது விழுந்தது.

1999 முதல் 2011 வரை பன்னிரண்டு ஆண்டுகள் அவர் சிங்கப்பூரின் அதிபராக இருந்தார். 22.8.2016 அன்று தம் 92ஆம் வயதில் மறைந்தார். அவருடைய இறுதிச் சடங்கில், அவர் விரும்பிய தமிழ்த் திரைப்பாடல் ஒன்று ஒலித்தது. பல ஊர் மண்ணை ஒன்றாய்க் குழைத்துப் பொம்மை செய்வதைப் பற்றிய பாடல் அது. பல இனங்கள் கூடி வாழும் நாட்டின் அதிபருக்கு அப்பாடல் எவ்வளவு பொருத்தம்!

நண்பர்களே, 1930களின் இறுதியில் நாதனின் பள்ளிப் பதிவேட்டை மட்டும் பார்த்திருந்தால் எவரும் அவரைத் தூதராகக் கற்பனை செய்திருக்க முடியாது. அப்பதிவேட்டில் அவரது ஒழுங்கீனம் இருந்திருக்கும். எட்டு வயதில் தந்தையை இழந்த துயரம் இருந்திருக்காது. நம் வகுப்புகளிலும் பாடத்தில் மனம் செலுத்தாத, அடிக்கடி மட்டம் போடுகின்ற பிள்ளைகள் இருக்கின்றனர். அவர்களுள் எல்லாரும் அதிபராகப் போவதில்லை. ஆனால், மூவாரில் வளர்ந்த இச்சிறுவனின் கதை நம்மை ஒன்று செய்யச் சொல்கிறது. ‘இவன் தேறமாட்டான்’ என்று தீர்ப்பு எழுதுவதற்கு முன், அவன் வீட்டில் என்ன நடக்கிறது என்று ஒருமுறை விசாரிப்போம்.